சும்மா சுற்றும் சங்கிலி

விசையில் விரலே இல்லை. ஆனாலும் மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலி விர்ரென்று சுற்றியது. மெக்கானிக் மெஸியான் பதறிப்போய் அதை அணைத்தான்.

"என்ன பெரியப்பா, போன வாரம்தானே சரி பண்ணிக் குடுத்தேன்? மறுபடியும் கொண்டாந்து நிக்கிறீங்க!"

"ஆமா" என்றார் அர்ஸ்கி. கபிலியா மலையில் பற்றிய காட்டுத்தீ மனைவியைக் கொண்டுபோனதிலிருந்து அவர் பேச்சு அவ்வளவுதான். மடக்குக் கத்தியால் ஓர் அத்திப்பழத்தை நறுக்கி வைத்துவிட்டு, தின்னாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனுஷர் இன்னும் அழக்கூட இல்லை.

மிஷின் அவருடைய அண்ணன் மகன் யூபாவுடையது; பழுதானால் கடைக்குத் தூக்கிவருவது மட்டும் அர்ஸ்கி. கருகிய ஆலிவ் மரங்களை வெட்டிக் கரிக்கு அனுப்ப அவன் துடித்துக்கொண்டிருந்தான். நிலம் அர்ஸ்கியுடையது, மரங்கள் அண்ணன் பங்கு. அந்த மலையில் பாகம் அப்படித்தான் பிரிப்பார்கள். மரத்துக்காரன் வெட்டினால் நிலத்துக்காரன் வாயைத் திறக்க முடியாது.

யூபா போனில் கூப்பிட்டான். "அண்ணே, இன்னிக்காவது முடியுமா? தானா ஓடுற சங்கிலியைத் தொட எவனும் வரமாட்டேங்கிறான். வேற மிஷினும் கிடைக்கல. உங்களுக்குத் தொழிலே மறந்துபோச்சுன்னு சந்தையில சிரிக்கிறாங்க!"

மெஸியானுக்குச் சுருக்கென்றது. "சாயங்காலம் வந்து எடுத்துக்க. இந்தத் தடவை தப்புன்னா கடையையே மூடிடுறேன்!"

காற்று கசிகிறதா என்று ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தான். வெடிப்பு இல்லை. கிளட்ச் ஸ்பிரிங்கும் சரியாகவே இருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணிதான் மறுபடியும் உள்ளே போயிருந்தது. அதன் தலையில் புதிதாக ஒரு கீறல்.

வெளியே திருகினான். இன்ஜின் சாதுவாக உறும, சங்கிலி அசையாமல் நின்றது.

"முடிஞ்சுது பெரியப்பா. ஆனா இதை யாரோ வேணும்னே திருகுறாங்க. ஸ்க்ரூ டிரைவர்கூட இல்ல, ஏதோ கத்தி முனை..."

சொல்லிக்கொண்டே திரும்பினான். அத்திப்பழத்தின் பக்கத்தில் கிடந்த கத்தியின் முனை மழுங்கியிருந்தது.

அர்ஸ்கி கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு பச்சை இலைகள்.

"அடியில துளிர்த்திருக்குப்பா. அவ தண்ணி ஊத்தி வளர்த்த மரங்க. மார்ச் வரைக்கும் விட்டா பொழைச்சுக்கும். யூபாகிட்ட கேக்க எனக்கு உரிமை இல்ல."

அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

போன் மறுபடி அடித்தது. "கிளம்பிட்டேன் அண்ணே! ரெடிதானே?"

மெஸியான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியைப் பழையபடி உள்ளே முடுக்கினான். இன்ஜின் அலறியது, சங்கிலி தானாகச் சுற்றியது. போனை அதன் பக்கத்தில் சற்று நேரம் பிடித்துவிட்டுக் காதுக்குக் கொண்டுபோனான்.

"கேட்டியா தம்பி? மார்ச்சுக்கு முன்னாடி இது என் கைக்கு அடங்காது."