வரப்பில் ஒரு வளை

வயல் காய்ந்ததும் வாய்க்காலுக்குப் போயிருந்த நண்டு, தண்ணீர் பாய்ச்சிய அன்றே தன் வரப்பு வளைக்குத் திரும்பியது. உள்ளே எலி குடியிருந்தது.

"இது நான் தோண்டின வளை. காலி பண்ணு தம்பி."

"பண்றேன்ணே. நீங்க விட்டுட்டுப் போனது வெறும் பொந்து. ரெண்டு அறையும் பின்வாசலும் நான் தோண்டினது. அதுக்கு ஈடா பத்து நத்தை பிடிச்சுக் கொடுங்க."

நண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இதுல எதைக் கொண்டுவந்து வெச்சே? இருந்த மண்ணையும் அள்ளி வெளியே கொட்டியிருக்கே. முதல்ல என் மண்ணைத் திருப்பிக் கொடு!"

இரண்டும் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தபோது, வளை வழியாக வயல் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடியது. மண்வெட்டியோடு ஓடிவந்த விவசாயி, "என் வரப்புல எவன்டா ஓட்டை போட்டது?" என்று இரண்டு வாசலையும் மண்போட்டு மிதித்தார்.

ஓடிக்கொண்டே எலி கேட்டது: "அண்ணே, மண்ணு முழுசா வந்து சேர்ந்துச்சா?"