பானட்டில் பதிந்த கை

“அந்த பானட் லாக்கைச் சரி பண்ணாதீங்க முனீர். இருந்துட்டுப் போகட்டும்.”

டூல்ஸ் பையைத் திறக்கப்போன மெக்கானிக் முனீர் நிமிர்ந்து பார்த்தான். வேலைக்கு வந்தவனிடம் வேலை செய்யாதே என்கிற கிராக்கியை அவன் இருபது வருஷத்தில் கண்டதில்லை.

வரச் சொன்னது ஜெயஸ்ரீ டீச்சர் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் மிருதுளா, போனில்.

“அண்ணா, எங்க கார்ல பானட் ஒட்டிக்குது. உள்ள ஒருத்தர் லீவரை இழுக்கணும், வெளிய ஒருத்தர் நின்னு தட்டணும், அப்பதான் திறக்கும். அப்பா தட்டுவார். அவர் போய் ஆறு மாசம் ஆச்சு. இப்பவும் அவர்தான் வந்து தட்டுறார்னு அம்மா சொல்றாங்க. எப்படியாவது சரி பண்ணிடுங்க. இல்லன்னா பொங்கலுக்கு வந்து வீட்டைப் பூட்டி, அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடுவேன். அங்க தனியா விட பயமா இருக்கு.”

சேலையூரில் மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காரின் மூக்கு பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆளுயரச் செம்பருத்தி.

மதில் அரையடி தள்ளிக் கட்டப்பட்டது என்று டீச்சரின் கணவர் சாம்பசிவனுக்கும் பக்கத்து வீட்டுப் பத்ரிநாராயணனுக்கும் பன்னிரண்டு வருஷமாக வழக்கு. “என் கார் மேல உன் கை பட்டா ஒடிச்சிடுவேன்” என்று சாம்பசிவன் ஒருநாள் கத்தியதை முனீரே கேட்டிருக்கிறான். சாம்பசிவன் செத்துக் கிடந்த அன்றைக்குக்கூட பத்ரிநாராயணன் எட்டிப் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று தெருவே பேசியது.

“ரேடியேட்டர் ஒழுகுது. தினம் தண்ணி ஊத்தணும். ஆறரை மணிக்கு உக்காந்து லீவரை இழுப்பேன். அவர் தட்டுவார்.” கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, வகுப்புக் குரலில் டீச்சர் சொன்னாள். “நம்பலன்னா நீங்களே இழுத்துப் பாருங்க.”

“உள்ள துரு ஏறிக்கீது மேடம், வேற ஒண்ணும் இல்ல” என்றபடி முனீர் சீட்டில் உட்கார்ந்தான்.

லீவர் டேஷ்போர்டுக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில். தலையைக் குனிந்தால்தான் எட்டும். குனிந்தான். இழுத்தான்.

டப்.

உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். வெடுக்கென்று நிமிர்ந்தான். பானட் ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. எதிரே மதில், செம்பருத்தி, பனி. டீச்சரோ காருக்குப் பின்னால், தெருவைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பனி பூத்த பானட்டில் ஒரு கையின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. விரல்நுனிகளில் வெள்ளையாகத் தீற்றல்.

“விபூதி தெரியுதா?” என்றாள் டீச்சர், திரும்பாமலே. “பட்டை போடாம அவர் வாசப்படி தாண்ட மாட்டார்.”

முனீர் வாய்க்குள் துஆ ஓதினான்.

“இருங்க, காபி கொண்டு வரேன்.”

அவள் உள்ளே போனதும் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் திறக்காத லாக் எப்படித் திறந்தது என்று தெரியாமல் போனால் அவனுக்கு ராத்தூக்கம் வராது. பானட்டை அழுத்தி மூடிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இந்தமுறை குனிந்தபடியே, கண்ணை மட்டும் ஸ்டியரிங் சந்தில் வைத்துக்கொண்டு இழுத்தான்.

செம்பருத்தி அசைந்தது. இலைகளுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்தது. சுருங்கிய கை. ஆள் இல்லை. பானட்டின்மேல் ஒரு கணம் தயங்கி நின்றது.

டப்.

முனீர் பாய்ந்து இறங்கி இலைகளை விலக்கினான்.

பத்ரிநாராயணன். நெற்றியில் அப்போதுதான் இட்ட நாமம் ஈரமாக இருந்தது. விரல்களிலும் குழைத்த நாமக்கட்டியின் வெள்ளை.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சொல்லிடாதேப்பா. அவன்தான் வந்து தட்டறான்னு அந்தம்மா நினைச்சுண்டிருக்கா. அப்படியே இருக்கட்டும். சாவுக்கு வர எனக்கு முகம் இல்லாமப் போச்சு. இதுக்குக் கை இருக்கே.”

உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது. இலைகள் மூடிக்கொண்டன.

டீச்சர் இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை மதில்மேல் வைத்தாள்.

“இது அவருக்கு. நான் ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்குள்ள காலியாயிடும்.” மறுபடி அதே வகுப்புக் குரல்.

முனீர் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“நீங்க சொன்ன மாதிரியே வுட்டுடறேன் மேடம். மிருதுளா பாப்பாகிட்ட சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் போன்ல சார் வர்றதைப் பத்திப் பேச்செடுக்காதீங்க. பாப்பா பயந்துக்குது.”

“சரி முனீர்.”

பேச்சுவாக்கில் அவன் கை மதில்மேல் இருந்த டம்ளருக்குப் போனது.

“அதை எடுக்காதீங்க. அது சர்க்கரை போடாதது.”

“சாருக்கு சுகர் இருந்துச்சா மேடம்?”

டீச்சர் செம்பருத்திப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு மூணு ஸ்பூன் போட்டாலும் பத்தாது. சுகர் பத்ரி சாருக்குத்தான்.”