மருமகள் எடுத்த வசனம்

கல்யாணப் பத்திரிகையைப் படித்ததும் ஹைட்ரூனுக்கு வயிறு எரிந்தது.

மகன் டில்மன் பெயர், பக்கத்தில் மருமகளாக வரப்போகும் ஸ்வென்யாவின் பெயர். இரண்டுக்கும் மேலே பைபிளில் ரூத்தின் சரித்திரத்திலிருந்து ஒரு வசனம்: 'நீ போகும் இடத்துக்கு நானும் வருவேன், நீ தங்கும் இடத்தில் நானும் தங்குவேன்.'

"அவதான் தேடி எடுத்தாளாம்" என்று பக்கத்து வீட்டு லோரேயிடம் பொருமினாள். "என் புள்ள இனிமே அவ பின்னாலதான்னு ஊருக்கே அச்சடிச்சு அனுப்பியிருக்கா."

"நல்ல வசனம்தானே, ஹைட்ரூன்? எத்தனை கல்யாணத்துல படிச்சிருக்காங்க."

"படிக்கிறவங்க எல்லாரும் அரைகுறை. மூணு வாரம் கழிச்சு கல்யாண வேலையா இங்க வர்றா, அந்தப் புதன்கிழமை வகுப்புக்கு அவளையும் கூப்பிட்டிருக்கேன். வந்து பாரு."

இருபத்தாறு வருடமாக அந்த ஊரில் வேதபாட வகுப்பு நடத்துகிறவள் ஹைட்ரூன். "வசனத்தைத் தனியாப் பிச்சு எடுக்காதீங்க. யார் சொன்னது, யார்கிட்ட சொன்னது, எப்போ சொன்னது? முன்னாடி பின்னாடி படிங்க" என்பது அவளுடைய பல்லவி. பிரசங்கத்தில் தப்பாக மேற்கோள் காட்டிவிட்டால் பாதிரியாரே அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்க மாட்டார்.

ஸ்வென்யாவோ வடக்கே ரோஸ்டாக் துறைமுகத்தில், சர்ச் வாசலையே மிதிக்காத குடும்பத்தில் பிறந்தவள். போன வருடம்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். கப்பல் பட்டறை வேலைக்கு அங்கே போன டில்மனை வளைத்துப் போட்டுவிட்டாள் என்பது ஹைட்ரூனின் தீர்ப்பு.

முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டில்மன் போன் செய்து அரை மணி நேரம் பேசுவான். இப்போது "ஸ்வென்யாவும் பக்கத்துல இருக்காம்மா" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். போன தடவை வந்தபோது அவள் மயோனைஸ் போட்டுக் கலந்த உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஹைட்ரூன் தங்கள் ஊர் முறைப்படி எலும்பு சூப் ஊற்றிப் பக்குவமாகச் செய்த சாலட் மேசையில் அப்படியே கிடந்தது.

கணவர் போய் நாலு வருடம். இருக்கிற ஒரே பிள்ளையும் பத்து மணி நேர ரயில் தூரத்தில் ஸ்வென்யாவுக்கே சொந்தமாகிவிடப் போகிறான். அந்த நினைப்பு அவளைத் தின்றது.

அந்தப் புதன்கிழமை சபைக் கூடத்தில் பதினான்கு பெண்கள். காபி ஊற்றி முடிந்ததும் ஹைட்ரூன் தேன் ஒழுகக் கேட்டாள்.

"ஸ்வென்யா, உன் கல்யாண வசனத்தை யார் யார்கிட்ட சொன்னாங்கன்னு எல்லாருக்கும் சொல்லும்மா."

ஸ்வென்யாவின் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, நானே சொல்றேன். அது புருஷன்கிட்ட சொன்னது இல்லம்மா. ரூத்தோட புருஷன் செத்துப் போயிட்டான். அவ அதைச் சொன்னது மாமியார் நகோமிகிட்ட. அந்த அம்மாவும் புருஷனைப் பறிகொடுத்தவ. 'உங்க அம்மா வீட்டுக்கே திரும்பிப் போ'ன்னு மருமகளை அனுப்பறா, அப்போ சொன்னது. 'தங்கறது'ங்கற வார்த்தைக்குக்கூட மூல எபிரேய பாஷையில வழியில ராத்தங்கறதுன்னுதான் அர்த்தம். இதுக்கும் கல்யாண ஜோடிக்கும் என்ன சம்பந்தம்?"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு வருட எரிச்சலுக்கு அப்போதுதான் ஹைட்ரூனின் வயிறு குளிர்ந்தது.

"தெரியும் அத்தை" என்றாள் ஸ்வென்யா.

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"டில்மன் வேற வசனம் கேட்டான். நான்தான் இதுவே இருக்கட்டும்னு பிடிவாதமா நின்னேன்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "முதல் தடவை நான் இங்க வந்தப்போ, நீங்களும் என்னை அடுப்படியில வச்சு, 'உனக்கு இதெல்லாம் ஒத்து வராது, உங்க ஊருக்கே போயிடும்மா'ன்னு சொன்னீங்க."

லோரே திரும்பி ஹைட்ரூனைப் பார்த்தாள். ஹைட்ரூன் யாரையும் பார்க்கவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் அங்க வேலையை விட்டுட்டோம் அத்தை. கல்யாணம் முடிஞ்சதும் இங்கயே வந்துடறோம். உங்க தெருவுலயே வீடு பாத்தாச்சு. டில்மனுக்கு அரை மனசுதான். நீங்க தனியா இருக்கக் கூடாதுன்னு நான்தான் சம்மதிக்க வச்சேன்."

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஹைட்ரூன் மெல்லக் கேட்டாள்.

"நேர்ல சொல்ல பயமா இருந்துச்சு. பத்திரிகை வந்ததும் இந்த வசனத்தைப் பத்திக் கேப்பீங்கன்னு மூணு வாரமா காத்திருந்தோம். மத்தவங்க எல்லாம் அது டில்மனுக்குன்னுதான் நினைப்பாங்க. யார் யார்கிட்ட சொன்னதுன்னு பாக்கறவங்க நீங்க ஒருத்தர்தான்னு நம்பித்தான் அத்தை அதைப் போட்டேன்."