சினிமா பாப்பீகளா?

"அங்க வந்து சினிமாப் பேச்சை மட்டும் எடுத்துறாதலே. பொண்ணோட அப்பா மொதக் கேள்வியே, 'சினிமா பாப்பீகளா'ன்னுதான் கேப்பாராம். அந்தக் கேள்வியிலயே ரெண்டு மாப்பிள்ளைகளைக் கழிச்சு விட்டாராம். தரகர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

பரளச்சியிலிருந்து பெண் பார்க்க வந்து, பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முத்துப்பேச்சி மகனை எச்சரித்தாள்.

மாரிக்கண்ணன் செல்போனைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான். வாராவாரம் படம் பார்த்துவிட்டு, இணையத்தில் ஒரு ரசிகர் குழுவில் 'கடைசி வரிசை' என்ற பெயரில் விமர்சனம் எழுதுகிறவன் அவன். விமர்சனம் என்று பேர்தான். படத்தைப் பற்றி நாலு வரி இருக்கும். கூட வந்த அம்மா எந்தச் சண்டையில் தூங்கினாள், எந்தப் பாட்டில் அழுதாள் என்பதுதான் மீதி. அதற்கும் ஒரு கூட்டம் இருந்தது. 'முறுக்கு மாமா' என்று ஒருவர் முதல் ஆளாக வந்து பாராட்டிவிட்டுப் போவார். யாரோ, எந்த ஊரோ.

பெண் வீட்டில் அனுசியாதான் காப்பி கொண்டுவந்தாள். "சீனி போதுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான், பயல் விழுந்துவிட்டான். இந்தப் பெண் மட்டும் அமைந்தால் கிடா வெட்டுகிறேன் என்று குலசாமிக்கு அங்கேயே நேர்ந்துகொண்டான்.

அவள் அப்பா, உரக்கடை ராஜகுரு, தொண்டையைச் செருமினார்.

"தம்பி சினிமா பாப்பீகளா?"

"அந்தப் பழக்கமே இல்லைங்க மாமா."

"ஒண்ணுகூடவா?"

"நேரம் ஏது? வேலை விட்டா வீடு."

"அம்மாவையாவது கூட்டிட்டுப் போறது?"

"அவுகளுக்கு சினிமான்னாலே ஆகாது."

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜகுருவின் முகம் சுருங்கியது. "சரி, சொல்லி விடுறோம்."

சொல்லி விடுகிறோம் என்றால் என்ன அர்த்தமென்று பரளச்சி ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

பஸ் கிளம்பியதும், "நீ எழுதுறது அவரு காதுக்குப் போயிருச்சுபோலலே," என்றாள் முத்துப்பேச்சி.

மாரிக்கண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதியதையெல்லாம் அழித்துத் தொலைப்போம் என்று செல்போனைத் திறந்தான். முறுக்கு மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. படித்தவன், "அண்ணே, பஸ்ஸ நிறுத்துங்க," என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினான்.

'தம்பி கடைசி வரிசை, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? அம்மாவோட படத்துக்குப் போற உங்கள மாதிரி பிள்ளையைத்தான் என் மகளுக்குத் தேடுறேன். இன்னைக்குப் பரளச்சியில இருந்து வந்த மூணாவது மாப்பிள்ளையும் சினிமாவே பாக்க மாட்டேன்னுட்டாரு.'