அந்த சைஸ் இல்லை

"பெரிய சைஸ் ஒண்ணுகூட ஆர்டர் போடாத. மீடியம்லயே இன்னும் பத்து கலர் எறக்கு" என்றார் துணிக்கடை முதலாளி.

பெண்கள் பிரிவைக் கவனித்துக்கொள்பவள் நகரவில்லை. "கலர் பிடிக்காம யாரும் திரும்பிப் போகல. சைஸ் இல்லாமத்தான் போறாங்க. நேத்து ஒரு டீச்சரம்மா ரேக் ரேக்கா தேடிட்டு, முகம் தொங்கிப்போய் வெளிய போனாங்க."

"அதெல்லாம் எடத்த அடைச்சுக்கிட்டு தூங்கும். கடையில என்ன வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"யாருக்கு வைக்கணும்னுதான் தெரியல."

பில் போடும் பெண் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள். முதலாளி எதிரில் நின்றவளை முறைத்தார். பார்வை அவள் உடையில் நின்றது.

"இந்த டிரஸ் நல்லாருக்கே. நம்ம ஸ்டாக்ல பார்த்த மாதிரி இல்லையே?"

"எதிர்க்கடையில எடுத்தது. இங்க என் சைஸ் ஏது?"

அவர் முகம் சிவந்தது. "சோறு போடறது இந்தக் கடை. துணி எடுக்கிறது அங்கயா?"

"சோறு போடுது, சரி. சம்பளம்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த செக்ஷன்ல நிக்கிறேன். ஒரு மாசமாவது கொடுத்திருக்கீங்களா?" ஸ்டாக் ரூம் சாவியை அவர் மேசைமேல் வைத்தாள். "எதிர்க்கடையில எல்லா சைஸும் இருக்கு, சம்பளமும் இருக்கு. நாளைக்கு வேலைக்குச் சேர்றேன்."

அவள் வாசலை எட்டியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"வீட்டுக்கு வருவல்ல?"

"வருவேன். மாத்தினது கடையை மட்டும்தான்" என்றாள் மனைவி. "இப்போதைக்கு."