மூடப்படாத அறுபத்து மூன்று பேர்

மூன்று வாரத்தில் மூன்றாம் முறையாக சர்வர் நின்றது.

மஞ்சேரியில், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் எங்கள் பாலியேட்டிவ் மையத்துக்கு இருப்பது அந்த ஒரே சர்வர்தான்.

அணைத்துப் போட்டால் ஓடும். மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி ஏழாம் நாள் மூச்சை நிறுத்தும். போன தடவை நின்றபோது அன்றைய வீடுகளின் பட்டியல் வரவில்லை. அரீக்கோட்டில் ஒரு பெண், வலி மாத்திரைக்காக சாயங்காலம்வரை காத்துக் கிடந்தாள்.

அதைப் பார்த்துக்கொள்ளும் நான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் சந்தேகப்பட்டேன். பழையதைப் போட்டேன், புதியதைப் போட்டேன். மணிக்கொரு தரம் அளவைக் குறித்துக் குறித்து, கண்ணை மூடினாலும் எண்கள் ஏறின.

இன்று மதியம் பிடிபட்டது.

யாரும் போய்ப் பார்க்காத நோயாளியின் கோப்பு திறந்தே இருந்தால், நிமிடத்துக்கு ஒரு நினைவூட்டல் சேரும். பழையது அழியாது. அப்படி அறுபத்து மூன்று கோப்புகள்.

பெயர்களைப் பார்த்தேன். எல்லாரும் இறந்துபோனவர்கள்.

அவற்றை மூட வேண்டியவர் வல்சல சேச்சி. பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போகும் நர்ஸ். கஞ்சிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஒரு பட்டன்தானே சேச்சி? மூணு வாரமா என் உயிரை வாங்குது!”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“மொய்தீன்குட்டிக்கா போனப்ப மூடினேன் மோனே. மய்யித்தை இன்னும் வீட்டைவிட்டு எடுக்கலை. அவர் பொண்டாட்டி பாத்தும்மா போன்ல மெசேஜ் வந்துச்சு. கண்ணாடி இல்ல, வாசிச்சுச் சொல்லுன்னு என் கையில தந்தா.”

“என்ன மெசேஜ்?”

“‘உங்கள் பராமரிப்பு முடிந்தது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’”

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“படைச்சவன் பொறுமையைத் தரட்டும்னு எழுதியிருக்குன்னு சொன்னேன். போனை நெஞ்சுல வெச்சுக்கிட்டு அழுதா. அதுக்கப்புறம் யாரையும் மூட எனக்குக் கை வரலை.”

அந்த வாசகத்தைத் தேடிப் பிடித்து அழித்தேன். நினைவூட்டல் சேர்வதையும் சரிசெய்தேன்.

“இனிமே மூடுங்க சேச்சி. யாருக்கும் எதுவும் போகாது.”

சேச்சி ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் மூடினார். சிலருக்கு வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஓரிடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அறுபத்து மூன்றும் முடிய சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு ஆகிவிட்டது.

மெமரி அளவு இறங்கி, அசையாமல் நின்றது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் திரும்பினார்.

“எந்தக் கழுதைடா அதை எழுதினான்?”

“பழைய ஆளு யாரோ சேச்சி.”

அழிக்கும்போது சேச்சி கண்ணில் படாதபடி திரையைத் திருப்பிவைத்திருந்தேன். அந்த வரியின் ஓரத்தில், எழுதியவர் என்று என் பெயர் இருந்தது.