சுருட்டை முடி அம்மா

"ஆன்ட்டி, நீங்கதான் என் அம்மாவா?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் பியூட்டி பார்லருக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? பார்லர்காரி சுபஸ்ரீ கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"அபி, வாய மூடு! தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றபடி பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள். "சுருட்டை முடியா யாரைப் பார்த்தாலும் இப்டித்தான் கேட்டுக்கினு இருக்கா. சங்கராபுரத்துல பஸ் ஏறினதும் ஒரு டீச்சரம்மாவ கேட்டுட்டா. எனக்கு மானமே போயிடுச்சி."

சுபஸ்ரீக்கு நல்ல அடர்ந்த சுருட்டை. வருஷக்கணக்காக அதை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தவள், போதுமடா சாமி என்று விட்டுவிட்டாள். பார்லர்காரியே தலையில் குருவிக்கூட்டோடு திரிகிறாளே என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தாள். ஆனால் அந்தக் கூட்டைப் பார்த்து ஒரு பிள்ளை அம்மா என்று வந்து நிற்கும் என்று அவள் கண்டாளா?

"இன்னாடி கண்ணு, உங்கம்மாதான் பக்கத்துலயே நிக்கறாங்களே?"

"அவங்க முடி நேரா இருக்கு. அப்பாவுதும் நேரா இருக்கு. எனக்கு மட்டும் சுருட்டை. கவியரசன் மாமா சொன்னாரு, என்னைத் தவுட்டுக்கு வாங்கினாங்களாம்."

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். எந்த வீட்டில்தான் இதைச் சொல்லிப் பிள்ளையை அழவிடவில்லை? அவளையும் அவள் சித்தப்பா அப்படித்தான் அழவிட்டார். ஆனால் வந்தவள் சிரிக்கவில்லை. அவள் பெயர் தமிழ்மொழி.

"என் தம்பி விளையாட்டுக்குத்தான் சொன்னான். இவ நெசம்னு புடிச்சிக்கினா. சோறு எறங்கல. 'என்னை எங்கம்மாகிட்டயே வுட்டுடு'ன்னு துணியெல்லாம் பையில எடுத்து வெச்சிக்கினாக்கா." அபியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். "அப்புறம்தான் சொன்னேன். அம்மாவுக்கும் சுருட்டைதான், ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணிட்டேன், கள்ளக்குறிச்சி அக்கா பழையபடி ஆக்கிடுவாங்கன்னு. அத நம்பித்தான் வூட்ட வுட்டுக் கெளம்பி வந்தா."

"அது ஒரே நாள்ல ஆவாதும்மா. வேர்ல புதுசா வளர்றதுதான் சுருட்டையா வரும். நேரா இருக்கற நுனிய அப்பப்ப வெட்டிக்கினே வரணும். நான் எவ்ளோ நாளு மேல சுருட்டை, கீழ நேருன்னு ரெண்டுங்கெட்டானா திரிஞ்சேன் தெரியுமா?"

தமிழ்மொழியின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் கேள்வியை விடவில்லை. "எண்ணெய் ஜாஸ்தி வெக்கலாமா? தெனம் ஷாம்பு போடணுமா? சீப்பை எடுத்தாலே அபி ஊரைக் கூட்டறாளே, எப்படி சீவறது?"

"காஞ்ச தலையில சீப்பு வெச்சா கத்தாம இன்னா பண்ணுவா?" சுபஸ்ரீ அபியைத் தூக்கி உட்காரவைத்துத் தலையை நனைத்தாள். "ஈரத்துலயே கண்டிஷனர் போட்டு மொதல்ல விரலால சிக்கெடு. அப்புறம் அகலப் பல்லு சீப்பு. துண்டால தேய்க்காத, பழைய பனியன் துணியால ஒத்தி எடு. ஆளி விதைய வேகவெச்சி வடிகட்டினா கொழகொழன்னு வரும். அத ஈரத்துல தடவிப் பாரேன்."

பார்லரில் வைத்திருந்த அந்தக் கொழகொழப்பைத் தடவி, முடியைக் கைக்குள் வைத்துக் கசக்கிவிட்டாள். பரட்டையாகக் கிடந்த முடி சுருள் சுருளாக எழுந்து நின்றது. அபி கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். தமிழ்மொழி ஒரு சுருளை விரலால் இழுத்துவிட்டு, அது துள்ளிப் போவதை அதிசயமாகப் பார்த்தாள்.

சுபஸ்ரீக்கு மனசுக்குள் குறுகுறுத்தது. சுருட்டை முடியோடு பிறந்தவளுக்கு இதெல்லாமா தெரியாது?

"சின்ன வயசுல உன் தலைய யாரும்மா பார்த்தாங்க?"

"எங்கம்மாதான்க்கா. நான் ஒம்பதாவதுலயே நேராக்கிக்கினேன்."

"அப்பவேவா? அப்ப இந்தப் பக்கம் யாரு ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணாங்க?"

"அது வந்து... சேலத்துல."

"சரி, உக்காரு. வேர்ல எவ்ளோ சுருட்டை வந்திருக்குன்னு பார்ப்போம்."

தமிழ்மொழி தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். அபி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றுகொண்டாள். கண்ணைக் கொட்டவில்லை.

சுபஸ்ரீ தண்ணீர் அடித்து வகிடு பிரித்தாள். உச்சியில் பார்த்தாள். காதோரம் பார்த்தாள். பிடரியையும் விடவில்லை. அவள் நெற்றி சுருங்கியது.

"ஆன்ட்டி, அம்மாவுது என்னுது மாதிரி சுருட்டையா?"

சுபஸ்ரீ வாயைத் திறப்பதற்குள், தமிழ்மொழி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, கொஞ்சம் ட்ரையரைப் போடுங்க."

ட்ரையர் இரைந்தது. அபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுபஸ்ரீ குனிந்தாள்.

"பொறந்ததுல இருந்தே எனக்கு நேர் முடிதான்க்கா" என்றாள் தமிழ்மொழி, அவள் காதோரமாக. "எப்படியாச்சும் சுருட்டி வுட்டுடுங்க. அவளை நான் பெக்கலன்னு இப்பவே அவளுக்குத் தெரிய வேணாம்."